காயப் பதிவேட்டின் முதல் பக்கம்

மாஸ்டர் என் அலுவலகத்துக்கே வந்து நின்றபோது, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்போதுதான் கழுவி வைத்திருந்தேன். விழுப்புரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். விபத்தில் அடிபட்டவர்கள் தரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பது நான்தான். என் மேசைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் பகல் முழுக்க யாராவது கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் அதில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் மகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறவர் அவர். முப்பது வயது இருக்கலாம். கண்டமங்கலத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்து, ஒரு பள்ளி மைதானத்தில் வாரத்தில் நான்கு நாள் மாலையில் பிள்ளைகளைப் பழக்குவார். கிளப்பில் பெரியவர்கள் அணி தனி. இவர் பார்த்துக்கொண்டது பதினைந்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளை. பதினான்கு பேர்.

“பாப்பா எப்படிங்க இருக்குது?”

“இருக்கா.”

“தலவலி?”

“வெயில்ல போனா வருது.”

மகளுக்கு அடிபட்டு அன்றோடு மூன்று வாரம். அவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தும் நான் வாசலோடு அனுப்பியிருந்தேன்.

அவர் கையிலிருந்த ஃபைலை மேசையில் வைத்தார். மாநிலச் சங்கத்திலிருந்து வந்த கடிதம். சிறுவர் பிரிவு நடத்தும் கிளப்புகள் இனிமேல் தரச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாத கிளப்பின் பிள்ளைகள் அடுத்த பருவத்திலிருந்து போட்டிகளில் ஆட முடியாது. சான்றுக்கு முதல் நிபந்தனை, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர். அவர் பயிற்சியாளராக இருக்கக்கூடாது, ஆட்டக்காரராக இருக்கக்கூடாது. காயப் பதிவேடு அவர் கையில் இருக்க வேண்டும். ஐந்து வாரத்தில் சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார்.

“வேற யாரும் கெடைக்கலியா உங்களுக்கு?”

“கேட்டேங்க மேடம். எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க. ஃபாரம் எழுதறதுல உங்கள அடிச்சிக்க…” என்று தொடங்கியவர், சொல்ல வந்த வார்த்தை காதில் விழுந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார். “நீங்க முடியாதுன்னாலும் பரவால்லீங்க. கேக்காம போவக்கூடாதுன்னு வந்தேன்.”

ஒத்துக்கொண்டேன். எதற்காக ஒத்துக்கொண்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி எழுதினால் எந்த ஊரிலிருந்து யார் வந்து பார்த்தாலும் இந்தப் பிரிவை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். மூடினால் என் மகள் மறுபடி அந்த மைதானத்தில் இறங்கும் பேச்சே எழாது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அடிபட்டது திண்டிவனத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர் கிளப்போடு இரண்டு ஆட்டம். ரக்பி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். பந்தைப் பின்பக்கமாகத்தான் வீசலாம். பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். அதற்குப் பெயர் டேக்கிள். எங்கள் பிள்ளைகள் ஆடியது அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம் என்ற சின்ன ஆட்டம். என் மகள் மெலிந்தவள், ஆனால் அவள் பிடித்தால் யாரும் தப்பிப் போனதில்லை என்பார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

முதல் ஆட்டத்தின் இடையில் ஓடிவந்த ஒரு பெண்ணைப் பிடிக்கப் பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் பட்டது. இருவரும் விழுந்தார்கள். அவள் எழுந்துவிட்டாள், இவள் கொஞ்சம் கழித்து எழுந்தாள். மாஸ்டர் ஓடிப்போய்ப் பிடரியில் தண்ணீர் ஊற்றி, “ஓகேவா?” என்றார். உடனே மற்ற ஆறு பிள்ளைகளும் கையைத் தூக்கி, “ஓகே மாஸ்டர்!” என்று கத்தினார்கள்.

அது எங்கள் கிளப்பின் பழக்கம். யார் விழுந்தாலும் மாஸ்டர் கேட்பார், விழுந்தவள் வாய் திறப்பதற்குள் அணி முழுக்கப் பதில் சொல்லும். விழுந்தவளுக்குத் தெம்பு வரட்டும் என்று பிள்ளைகளாகவே தொடங்கியது. ஓரத்தில் நிற்கும் நாங்களும் கைதட்டுவோம். எதிரணிக்காரர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதுகூட உண்டு. அன்றைக்கும் தட்டினேன். என் மகள் மீதி ஆட்டத்தையும் ஆடினாள், அடுத்த ஆட்டத்தையும் முழுக்க ஆடினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். “என்னம்மா?” என்றேன். “திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ரோஸ்மில்க் குடிச்சேன்ல, அதாம்மா,” என்றாள். வெயிலும் சேர்ந்துகொண்டது என்று நானே சொல்லி முடித்தேன். வீட்டுக்கு வந்து மோரில் உப்புப் போட்டுக் கொடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கச் சொன்னேன். அன்று காலையில்தான் அவளுடைய படம் ஒன்று வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும்கூடச் சுற்றிப் போட்டேன். இரண்டு பட்டம் வாங்கியவள் நான்.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, “நேத்து மேட்ச்சு யாரும்மா ஜெயிச்சாங்க?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, “நீங்கதான்டி,” என்றேன். தலையாட்டினாள். சீருடையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டாள்: “நேத்து யாரும்மா ஜெயிச்சாங்க?”

அந்தக் கேள்வி இன்னும் எனக்குக் கேட்கிறது. அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவிலும் சில நாள் கேட்கிறது.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார். வரும்போது, “அடிபட்ட பிறகு இன்னொரு மேட்ச் ஆடினாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதுல இன்னொரு அடி பட்டிருந்தா நாம இப்படிப் பேசிட்டிருக்க மாட்டோம்மா,” என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். 

வீட்டுக்கு வந்த அன்றே, இனி ரக்பி கிடையாது என்றேன். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “சரி,” என்றாள். அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பிட்டாள், படித்தாள், என்னோடு பேசுவதை ஒரு வேலை போலச் செய்தாள். இப்படித்தான் அந்த மூன்று வாரம் போயிற்று. மாஸ்டர் ஃபைலோடு வந்தது அதற்குப் பிறகு.

பொறுப்பேற்ற முதல் மாலை மைதானத்துக்குப் போனேன். மகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான். மாஸ்டர் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த அட்டை போட்ட நீளமான நோட்டு. அட்டையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கமும் அதற்கடுத்த பக்கமும் வெள்ளைத்தாள்.

“ஆயுத பூசைக்கு வச்சி எடுத்தேங்க. இதுவரைக்கும் ஒண்ணுகூட எழுத வேண்டிய அவசியம் வரல,” என்றார். பெருமையாகத்தான் சொன்னார், பாதியில் என் முகத்தைப் பார்த்து, “அதாவது, எழுதல,” என்று திருத்திக்கொண்டார்.

வெற்றுப் பதிவேடுதான் நல்ல கிளப்புக்கு அடையாளம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாஸ்டர் மட்டுமல்ல, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும். பக்கத்தில் நின்றவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து விவசாயி. கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். அவருடைய மகள்தான் அணியின் கேப்டன். தினமும் அவளோடு பஸ்ஸில் வந்து, ஆட்டம் முடியும்வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்.

“எங்க ஊட்ல மாடு முட்னாகூட புக்குல ஏத்தறதில்லீங்க மேடம்,” என்றார். “கீய உயுந்தா எந்திரிச்சி ஓடிக்கினே இருக்கணும். அதான் ஆட்டம்.”

“உங்க பொண்ணு கணுக்கால்ல துணி சுத்தியிருக்கே, என்னைக்கு அடிபட்டுது?”

திரும்பி மகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “இன்னாமே அது?” என்று கத்தினார். அவள், “ஃபேஷன்ப்பா!” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் ஓட்டத்தில் லேசான நொண்டல் இருந்தது. அவர் அதற்கப்புறம் ஜோக் அடிக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, பிள்ளையார் சுழிக்குக் கீழே என் மகளின் காயத்தை எழுதத் தொடங்கினேன். கடிதத்தோடு வந்த மாதிரிப்படி கட்டங்கள் போட்டுக்கொண்டேன். நடந்த இடம், திண்டிவனம். எப்படி நடந்தது. பயிற்சியாளர் செய்தது என்ன: தண்ணீர் ஊற்றினார், ஆட்டத்தைத் தொடரவிட்டார். இதையெல்லாம் எழுதும்போது கை வேகமாக ஓடியது. இதற்காகத்தானே பொறுப்பை ஏற்றேன்.

அடுத்த கட்டம்: அறிகுறியை முதலில் கண்டவர் யார், எத்தனை மணிக்கு. அதற்கடுத்தது: மருத்துவரிடம் காட்டியது எத்தனை மணிக்கு.

என் வேலையே இந்த இரண்டு நேரங்களுக்கு இடையில்தான். விபத்து ஒரு நாள், தகவல் மறுநாள் என்று வரும் விண்ணப்பங்களை எடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று கேட்பேன். எத்தனை பேர் தலையைக் குனிந்திருக்கிறார்கள். வயிற்று வலி என்று நினைத்தோம், தூங்கினால் சரியாகும் என்று நினைத்தோம் என்று சொல்வார்கள். நான் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

முதலில் கண்டவர்: தாய். ஞாயிறு மாலை ஐந்தரை. மருத்துவரிடம் காட்டியது: திங்கள் காலை எட்டேகால்.

எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

“வாந்தி எடுத்தியே, ரோஸ்மில்க்குன்னு சொன்னே. உண்மையாவே அதுன்னுதான் நெனச்சியா?”

கதவோரம் நின்றபடியே சொன்னாள்: “நான் ரோஸ்மில்க்கே குடிக்கலம்மா.”

“அப்புறம் ஏன்டி…”

“ரெண்டாவது மேட்ச்ல எனக்குப் பந்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. கேப்டன் அக்காகிட்ட சொன்னேன். வெளிய போறியான்னு கேட்டா. நான்தான் வேணாம்னு சொன்னேன். மொத தடவ விழுந்தப்பவும் நான்தான் கண்ணக் காட்னேன், சத்தமா கத்துங்கடின்னு.”

“ஏன்?”

“உனக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவ.” பிறகு, குரலை உயர்த்தாமல், “நிறுத்திட்டல்ல,” என்றாள்.

அவள் போன பிறகு அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘வெயில் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. பிள்ளை சொல்ல அஞ்சினாள்’ என்று எழுதினேன். கடைசி மூன்று வார்த்தைகளை எழுத அதிக நேரம் ஆயிற்று.

சென்னையிலிருந்து ஆள் வருவதற்கு முந்தைய மாலை பெற்றோர்கள் கூடினார்கள். பதிவேடு கை மாறிக் கை மாறிப் போயிற்று. படித்தவர்கள் படித்துக் காட்டினார்கள். கேப்டனின் அப்பாதான் வாயைத் திறந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதுனது அத்தனையும் நெசம். ஆனா அவங்க நாளைக்கி வந்து இதப் படிச்சிட்டு, போங்கடான்னு போய்ட்டா? எம்பொண்ணுக்கு இந்த வருசந்தான் மாநிலப் போட்டி. உங்க பொண்ணு இனிமே ஆடல. மத்த பதிமூணு புள்ளைங்க வெளிய நிக்கணுமா?”

“இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?” இன்னொரு அம்மா கேட்டார்.

“ஒரு பக்கந்தான. நடுவுல இருக்கற பின்னை எடுத்துட்டு அந்தத் தாள உருவிட்டா நோட்டு பழையபடி சுத்தமா ஆய்டும். ஜல்தியா முடிஞ்சிடும்.”

பிரிவை மூடிவிடுவார்கள் என்று ஐந்து வாரத்துக்கு முன்பு நான் ஆசைப்பட்டதைத்தான் அவர் பயத்தோடு சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த ஐந்து வாரமும் மாலைகளில் அங்கே நின்றிருக்கிறேன். வானூரில் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள், பந்து கைக்கு வந்ததும் வேறு பிள்ளையாகிவிடுவாள். அதைப் பார்த்திருந்தேன். மூட வேண்டும் என்ற எண்ணம் என்னிடமிருந்து எந்த மாலையில் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க முடியாது. “எடுக்க விட மாட்டேன்,” என்றேன்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் பதிவேட்டை வாங்கினார். கிழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டை முழங்காலில் வைத்து, என் எழுத்துக்குக் கீழே எழுதினார். எழுதி முடித்து அவரே படித்தார்.

“‘பிள்ளை எழுந்து இரண்டு அடி கோணலாக நடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள், மாற்றுக்கு ஆள் இல்லை. வெளியே எடுத்தால் ஆறு பேர்தான் என்பதால் எடுக்கவில்லை.’” தலையைத் தூக்காமலே சொன்னார்: “அப்ப, அந்த மூணு வாரத்துல, இத உங்ககிட்ட சொல்லத்தாங்க ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்தேன்.”

அவரை வாசலோடு அனுப்பியது உறுத்தியது. கோபமும் வந்தது; பார்த்திருக்கிறார் பாவி, பார்த்தும் விட்டிருக்கிறார். அந்த உறுத்தலும் கோபமும் சேர்ந்தே இருந்தன. இப்போதும் முழுக்கத் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் ஒரு பெண். நாற்பதை நெருங்கும் வயது, குட்டையான உருவம். முன்பு ஆடியவராம், இடது கைச் சுண்டுவிரல் கோணி நின்றது. ரயிலில் வந்து ஆட்டோ பிடித்து, நேரே மைதானத்துக்கு வந்தார். நாங்கள் வாங்கி வைத்திருந்த சால்வையைப் பார்த்துவிட்டு, “இத யாராவது புள்ளைக்குக் குளிருக்குக் குடுங்க,” என்று ஒதுக்கினார். பங்குனி வெயில். பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதல் பக்கத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

“அடிபட்டா யார்கிட்ட சொல்வீங்க?”

முந்தின நாள் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது யார் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசியில் இருப்பதிலேயே சின்னவள், “சொல்ல மாட்டோம்க்கா,” என்றாள். கேப்டன் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

“ஏய், கிள்ளாத, நான் பாத்துட்டேன்,” என்றார் அவர். “ஏன் சொல்ல மாட்டீங்க?”

“வூட்ல உட மாட்டாங்க.”

“இந்த ஆன்ட்டிகிட்ட?” என்னைக் காட்டினார்.

சின்னவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இவங்களும் ஒரு வூடுதானக்கா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேப்டனின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். எனக்கு முகம் சூடாயிற்று. ஆனால் அவள் சொன்னதில் தவறு இல்லை.

போகும்முன் எங்களை உட்காரவைத்துப் பேசினார். “இன்னிக்கி சான்று தர முடியாது. மூணு மாசம் கழிச்சி வர்றேன்,” என்றார். கேப்டனின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வந்திருந்தவர் தொடர்ந்தார்: “அந்தப் பக்கத்தினால இல்ல. மத்த பக்கம்லாம் காலியா இருக்கே, அதனால. வருஷம் பூரா பசங்க மண்ணுல உருண்டு ஒரே ஒருத்திக்குத்தான் அடின்னா நான் நம்பணுமா? காலி நோட்டு காட்டற க்ளப்லதான் நான் ரொம்ப நேரம் உக்காந்திருப்பேன். இந்தப் புள்ளைங்க சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா எனக்கு எழுதுங்க.”

பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது? முதலில் அந்தக் கூட்டுக் குரலை நிறுத்தினோம். யாராவது விழுந்தால் மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது, விழுந்தவள் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. முதல் வாரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு செவிலியர் வந்து தலை அடிக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தலையில் பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அணி ஆறு பேரோடு ஆடினாலும் சரி என்று மாஸ்டர் எழுதி ஒட்டினார். பஸ் ஏறுவதற்கு முன் அடிபட்டவள் வீட்டுக்கு ஃபோனில் பேசிவிட வேண்டும் என்றும்.

இவை போதாது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பயம் மாஸ்டரைப் பற்றியது அல்ல. ஒரு பிற்பகல் அலுவலகத்தில் வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரு தாளை எடுத்து, பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று எழுதினேன். ‘காயத்தைச் சொன்னதற்காக என் பிள்ளையைத் திட்ட மாட்டேன். குணமாகி, மருத்துவர் அனுமதித்த பிறகும் அந்தக் காயத்தைக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்த மாட்டேன்.’ விண்ணப்பங்கள் எழுதிப் பழகிய கை. வாக்கியம் கச்சிதமாக வந்தது. நகல் எடுத்து மைதானத்தில் கொடுத்தேன்.

கேப்டனின் அப்பா மகளையே படிக்கச் சொன்னார். அவள் இரண்டாவது வரியை இரண்டு தடவை படித்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தரும்போது, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“நீங்க போட்டாச்சுங்களா மேடம்?”

அந்த வாக்கியத்தை மற்றவர்களுக்காகவே எழுதியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்வரை எனக்கு உறைக்கவே இல்லை. அவர் கேலி செய்யவில்லை. பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்குப் போடறேன்,” என்றேன்.

நாளைக்குப் போடவில்லை. ஒரு வாரம் அந்தத் தாள் என் கைப்பையிலேயே கிடந்தது. டாக்டரிடம் மறுபடி அழைத்துப் போனேன். அவர் இன்னும் சில மாதம் போகட்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவளை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, கண்ணைப் பார்த்து, பின்னோக்கி எண்ணச் சொல்லி, “படிப்படியா ஆரம்பிக்கலாம்,” என்றார். முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு பந்து, யாரோடும் மோதாத பயிற்சி, எல்லாவற்றுக்கும் கடைசியில் டேக்கிள். ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் நிறுத்தி ஓய்வெடுத்து, ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

ஆட்டோவில் வரும்போது மகளிடம் கேட்டேன்: “தலவலி வந்தா சொல்வியா?”

“சொன்னா நிறுத்துவியா?”

“அன்னிக்கு நிறுத்துவேன். அடுத்த நாள் நிறுத்த மாட்டேன்.”

“எழுதித் தருவியா?”

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அவளுடைய பள்ளிப் பையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோ குலுங்கியதில் எழுத்து கோணலாக வந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, “ம்,” என்றாள். வீட்டுக்குப் போகும்வரை பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அது என்ன சண்டை என்று எனக்கு ஞாபகமில்லை. பேசினாள் என்பதுதான் ஞாபகம்.

ஓட்டம்வரை வந்து ஒருமுறை தலைவலி வந்தது. அவளே வந்து சொன்னாள். சொன்னபோது உதடு துடித்தது. ஒரு நாள் விட்டு மறுபடி நடையிலிருந்து தொடங்கினாள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த வாரம் கேப்டன் கணுக்கால் துணியை அவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, “ஆன்ட்டி, இதையும் போட்டுக்கங்க. பழசு,” என்றாள். பிறகு விரல், தோள்பட்டை, மூக்கில் ரத்தம் என்று பக்கங்கள் நிறையத் தொடங்கின. மாஸ்டர் ஒரு நாள் நோட்டைப் புரட்டி, “பாக்கவே பயமா இருக்குதுங்க,” என்றார். எனக்கும்தான். ஆனால் எது எங்கே வலிக்கிறது என்று தெரிந்த பயம் வேறு மாதிரி இருந்தது.

மூன்று மாதம் கழித்து சென்னைக்காரர் வந்தார். இந்தமுறை சின்னவள் அவர் கேட்பதற்கு முன்பே முழங்காலைத் தூக்கிக் காட்டினாள். சான்று வந்தது. கேப்டனின் அப்பா அதை லேமினேஷன் போட்டு, எங்கே மாட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் பஸ்ஸில் எடுத்துக்கொண்டே அலைந்தார். மைதானத்தில் எங்களுக்குச் சுவர் இல்லை.

மகள் மறுபடி ஆடிய முதல் போட்டியும் திண்டிவனத்தில்தான். முதல் டேக்கிளுக்கு அவள் பாய்ந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். “உக்காருங்க மேடம், பின்னால மறைக்குது,” என்று யாரோ சொன்னார்கள். உட்காரவில்லை. அவள் பிடித்தாள், விழுந்தாள், எழுந்தாள். தலை எதிராளியின் முழங்காலில் படாமல் வெளிப்பக்கமாக, மாஸ்டர் புதிதாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதியில், எங்கள் அணி பின்தங்கியிருந்த நேரத்தில், அவள் திடீரென்று கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் இடத்துக்கு வேறொருத்தி ஓடினாள். நான் அவளிடம் ஓடினேன்.

“தலையா?”

“இல்லம்மா. கெண்டக்கால் புடிச்சிக்கிச்சு.” புல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். “அமுக்கு.”

அமுக்கினேன். கெட்டியாக இருந்த சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவள் கண் மைதானத்திலேயே இருந்தது. “ஐயோ, பின்னால குடுடி, பின்னால!” என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. திரும்ப எறங்கட்டா?”

“மாஸ்டரைக் கேளு.”

“கேட்டுட்டேன். உன்னக் கேக்கச் சொன்னாரு.”

எழுந்து நிற்கச் சொன்னேன். அந்தக் காலில் குதித்துக் காட்டச் சொன்னேன். குதித்தாள். முகத்தைப் பார்த்தேன், வலியை மறைக்கிற முகம் எனக்கு இப்போது தெரியும், இது அது இல்லை.

“போ,” என்றேன்.